குதிரை ஓடாத பந்தயத் திடல்

கொழும்பு 7 இல் குதிரை ஓடாத குதிரைப் பந்தயத் திடல் ஒன்று உண்டு. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக அங்கே பந்தயத்துக்கென ஒரு குதிரையும் ஓடியதில்லை. ஆயினும் முச்சக்கரவண்டிச் சாரதியிடம் ‘ரேஸ்கோர்ஸ்’ என்று சொன்னால் மறுபேச்சின்றிக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அவருடைய தகப்பனார்கூட அங்கே பந்தயக் குதிரையைக் கண்டிருப்பாரோ என்பது சந்தேகம். அரசாங்கங்கள் சுற்றியுள்ள வீதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றின. ரேஸ்கோர்ஸ் அவெனியூ ராஜகீய மாவத்தை ஆயிற்று. ரீட் அவெனியூ பிலிப் குணவர்தன மாவத்தை ஆயிற்று. புல்லர்ஸ் வீதி பௌத்தாலோக மாவத்தை ஆயிற்று. திடலின் பெயரை மட்டும் எவராலும் மாற்ற முடியவில்லை.

பத்திரிகைத் தொழிலின் நிமித்தம் அந்தப் பக்கம் அடிக்கடி போய்வந்தவன் நான். பழைய பத்திரிகைகளைப் புரட்டுவதற்கு நாம் தஞ்சமடையும் தேசிய சுவடிகள் திணைக்களம் அதே பிலிப் குணவர்தன மாவத்தையில்தான் இருக்கின்றது. தூசு படிந்த பக்கங்களைப் பார்த்துக் கண் களைத்து வெளியே வந்தால், எதிர்ப்படுவது அந்தப் பெருந்திடலும் அதன் பார்வையாளர் மண்டபமும்தான். உள்ளே வாசித்த செய்திகளிற் பல வெளியே தெரிந்த அந்த நிலத்திலேயே நடந்தவை என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. நகரின் நடுவே பரந்த வெளி ஒன்று கிடந்தால் ஆட்சியிலிருப்போர் அதனைச் சும்மா விட்டுவைப்பதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் தேவைக்கேற்ப அதனை எடுத்துக்கொள்வர். அவ்வாறு எடுத்துக்கொள்ளப்பட்ட நிலமொன்றின் கதை இது.

கதை கறுவாத்தோட்டத்தில் தொடங்கவில்லை. அதற்கு நாம் முதலில் காலிமுகத்திடலுக்குப் போகவேண்டும்.

கோட்டையைத் தாக்க வருவோரைப் பீரங்கிகள் தடையின்றிக் குறிபார்க்கவேண்டும் என்பதற்காக மரமும் வீடும் இன்றி வெறுமையாக விடப்பட்ட வெளியே காலிமுகம். ஒல்லாந்தர் அதனைப் பாதுகாப்புக்காக வைத்திருந்தனர். பிரித்தானியருக்கு, கண்டி இராச்சியம் 1815 இல் வீழ்ந்தபின்னர், அந்தப் பாதுகாப்புத் தேவைப்படவில்லை. வெறும் நிலம், கடற்காற்று, ஓய்வுநேரம் நிறைந்த படை அதிகாரிகள். இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் குதிரைப் பந்தயம் தோன்றியதில் வியப்பில்லை. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் காலிமுகம் பந்தயத் திடலாகப் பயன்பட்டது. கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருவீதியை அமைத்தவர் என்றே பார்ன்ஸைப் பாடப்புத்தகங்கள் நமக்கு அறிமுகஞ்செய்தன. அவர் குதிரைப் பந்தயப் பிரியர் என்ற சேதியை அவை சொல்லவில்லை.

அந்நாளைய காலிமுகம் இன்றுள்ள ஒடுங்கிய புற்றரையைவிடப் பன்மடங்கு பெரியது. ஒருபுறம் கோட்டை மதில், இன்னொருபுறம் பேர வாவி, தெற்கே கொள்ளுப்பிட்டி. பந்தயம் பார்ப்பதற்காக எழுப்பப்பட்ட கட்டடத்திலேயே 1871 இல் தொடங்கிய கொழும்பு கிளப் பின்னர் குடிகொண்டது. வெள்ளையருக்கு மட்டுமேயான கழகம் அது. அந்தக் கட்டடம் இன்று தாஜ் சமுத்ரா ஹோட்டல் வளவினுள் நிற்கின்றது. கலியாண விருந்துக்குப் போகும் நம்மவர் பலர், தாம் உணவருந்துவது ஒரு காலத்துப் பந்தயப் பார்வையாளர் கட்டடத்துக்கு அருகில் என்பதை அறியார். சேர் ஹென்றி வார்ட் என்ற தேசாதிபதி 1856 இல் கடலோர நடைபாதையை அமைக்கத் தொடங்கி, 1859 இல் அது நிறைவுபெற்றது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன்கருதி இதனைப் பேணவேண்டுமென அவர் தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொண்ட கல்வெட்டு இன்றும் அங்கு உண்டு. பின் வந்தோர் அதனை எப்படிப் பேணினர் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இலங்கையின் குதிரைகளைப் பற்றிப் பேசும்போது நெடுந்தீவை மறப்பது தகாது. போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை அங்கே இன்றும் கட்டாக்காலியாக மேய்கின்றன. ஒல்லாந்தரின் லாயத்துத் தூண்கள் பவளக்கல்லில் நிற்கின்றன. பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்தில் நோலன் என்ற படை அதிகாரி அந்தப் பண்ணையை நடத்தினார். ஆனால் பந்தயத் திடல்களின் பெருமை உள்ளூர்க் குதிரைகளுக்கு உரியதாகவில்லை. அரபுக் குதிரைகளும், அவுஸ்திரேலியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கப்பலேறி வந்த உயர்சாதிக் குதிரைகளுமே அங்கு கொண்டாடப்பட்டன. நெடுந்தீவுக் குதிரை கோடையில் தண்ணீருக்கு அலைந்துகொண்டிருக்க, கொழும்புக் குதிரைக்குப் பணியாட்கள் இருந்தனர்.

1893 இல் பந்தயம் காலிமுகத்தைவிட்டுக் கறுவாத்தோட்டத்துக்குப் பெயர்ந்தது. அப்போது தேசாதிபதியாக இருந்தவர் சேர் ஆர்தர் ஹவ்லொக். புதிய திடலும் அவர் பெயராலேயே ஹவ்லொக் பந்தயத் திடல் எனப்பட்டது. முந்தைய ஆண்டிலேதான் அவர் காலத்தில் நெல்வரி நீக்கப்பட்டது. வரி நீக்கியவர் என்று அவரை நினைவுகூருவோர் இன்று எவருமில்லை. ஹவ்லொக் வீதி, ஹவ்லொக் டவுண் என்று அவர் பெயர் நிலைத்துவிட்டது. பார்ன்ஸும் வார்டும் அவ்வாறே. காலிமுகத்தில் பந்தயம் வளர்த்தவரும் நடைபாதை அமைத்தவரும் கறுவாத்தோட்டத்தில் பார்ன்ஸ் பிளேஸ், வார்ட் பிளேஸ் என்று அண்டைவீட்டாராகிவிட்டனர்.

கறுவாத்தோட்டம் பெயருக்கேற்பக் கறுவா விளைந்த மண். காட்டிலே உரித்துவந்த கறுவாவைத் தோட்டப் பயிராக்கும் முயற்சியை ஒல்லாந்தத் தேசாதிபதி பால்க் 1769 இல் மருதானைப் பக்கமாகத் தொடங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கறுவாவின் மவுசு குறைய, தோட்டம் மாளிகைகளுக்கு இடம்விட்டது. 1877 இல் நூதனசாலை திறக்கப்பட்டது. விக்டோரியா பூங்கா உருவாயிற்று. கோப்பியிலும் தேயிலையிலும் தென்னையிலும் காரீயத்திலும் பணம் கண்ட சுதேசிகளும் வெள்ளையருக்குப் பக்கத்தில் மனை வாங்கத் தொடங்கிய காலம் அது. பந்தயத் திடல் அந்த வட்டாரத்துக்கு வந்தது தற்செயலன்று.

திடலின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பந்தயத் திடல் என்பது நீள்வட்டம். இரு நேர்ப்பாதைகள், இரு வளைவுகள். ஒரு நேர்ப்பாதையின் முடிவிலே வெற்றிக் கம்பம். அதற்கு நேரெதிரே பார்வையாளர் மண்டபம். குதிரைகள் எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதையில் ஓடும்போது தொலைநோக்குக் கண்ணாடி வைத்திருப்பவனுக்கே நிறங்கள் தெரியும். கடைசி வளைவு திரும்பி அவை மண்டபத்தை நோக்கி வரும் அரை நிமிடந்தான் எல்லோருக்கும் பொதுவானது. மண்டபத்தின் பின்னே குதிரைகளை நடத்திக் காட்டும் முற்றம். ஜொக்கிகளையும் சேணத்தையும் நிறுக்கும் அறை. பந்தயப் பணம் கட்டும் கூண்டுகள். நீள்வட்டத்தின் நடுவே கிடக்கும் பெருவெளி பந்தயத்துக்கு எவ்விதத்திலும் பயன்படாதது. ஆனால் அந்தப் பயன்படாத நடுவெளியே பின்னர் இந்நாட்டின் வரலாற்றில் முக்கியத்துவம் பெற்றது.

எந்தவொரு பந்தயத் திடலும் அது அமைந்த சமூகத்தின் படம் என்பது என் கருத்து. கோயில் வீதியில் யார் எங்கே நிற்பது என்ற வழக்கு நமது ஊர்களில் இருந்ததுபோல, இங்கும் இருந்தது. தேசாதிபதிக்கும் அவர்தம் விருந்தினருக்கும் தனியிடம். கழக உறுப்பினருக்குத் தனியிடம். காசு கொடுத்து வருவோருக்கு இன்னோரிடம். மலிவான நுழைவுச்சீட்டுக்காரன் வேலியோரத்தில் வெயிலில் நிற்கவேண்டும். தேசாதிபதி கிண்ணத்துக்கான போட்டி பருவத்தின் உச்சம். அன்றைய தினம் கறுவாத்தோட்டத்துச் சீமாட்டிகளின் தொப்பிகளும் ஆடைகளும் ஆங்கிலப் பத்திரிகைகளில் குதிரைகளுக்குச் சமமான இடத்தைப் பெற்றன. ஆனால் ஒன்றைக் குறிப்பிடவேண்டும். காலிமுகத்துக் கொழும்பு கிளப்பின் வாசல் சுதேசிக்கு அடைபட்டிருந்த காலத்திலும், குதிரை வைத்திருக்கும் பணம் படைத்த சுதேசிக்குப் பந்தயத் திடலில் இடமிருந்தது. குதிரைக்கு நிறம் கறுப்பா கபிலமா என்று பார்த்தார்களேயொழிய, சொந்தக்காரனின் நிறத்தை அந்த ஒரு பிற்பகலில் மட்டும் கொஞ்சம் மறந்தனர். செல்வந்தச் சிங்களக் குடும்பங்கள் இத்துறையில் முன்னின்றன. அவற்றின் இளைய தலைமுறை அரசியலுக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதைத்தான் இனிச் சொல்லப்போகின்றேன். அதற்குமுன் யுத்தம் வந்தது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த இலக்கு இலங்கை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொழும்பைக் காப்பதற்கு இருந்த விமானத்தளம் இரத்மலானை ஒன்றே. அது போதாதென்று பிரித்தானிய விமானப்படை கறுவாத்தோட்டத்துப் பந்தயத் திடலைப் பிடித்துக்கொண்டது. நீள்வட்டத்தின் நடுவே கிடந்த பயன்படாத வெளி ஓடுபாதையாயிற்று. 258 ஆவது அணியின் ஹரிக்கேன் போர்விமானங்கள் அங்கே வந்திறங்கின. நூதனசாலையிலிருந்தும் மாளிகைகளிலிருந்தும் கூப்பிடுதூரத்தில் ஒரு போர்விமானத்தளம்! முன்னே இருந்த றோயல் கல்லூரிக் கட்டடங்கள் படையினரின் வைத்தியசாலையாயின. மாணவர்கள் வேறு மனைகளுக்குப் பெயர்ந்தனர்.

ஏப்ரல் 4 ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கற்றலீனா விமானம் ஒன்று யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அதனை ஓட்டிய கனேடியரான பேர்ச்சல் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள், ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களில் காலைப் பூசை நடந்துகொண்டிருந்த வேளையில் நூற்றுக்கும் மேற்பட்ட யப்பானிய விமானங்கள் கொழும்பின் வானில் தோன்றின. அவற்றுக்குத் தலைமை தாங்கிவந்தவர் பேர்ள் துறைமுகத் தாக்குதலை நடத்திய அதே புச்சிடா. இரத்மலானையை அவர்கள் அறிந்திருந்தனர். அங்கிருந்த ஹரிக்கேன்கள் தரையைவிட்டு எழும்பும்போதே தாக்கப்பட்டன. பந்தயத் திடலில் விமானங்கள் நிற்கும் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. வானிலிருந்து பார்ப்பவனுக்கு அது குதிரை ஓடும் வட்டந்தானே! அதனால் 258 ஆவது அணியின் 14 விமானங்கள் தடையின்றி மேலெழுந்தன.

மேலெழுந்தவற்றிற் பாதிக்கு மேற்பட்டவை திரும்பவில்லை. சீரோ விமானங்களின் வேகத்துக்கும் சுழற்சிக்கும் ஹரிக்கேன்கள் ஈடுகொடுக்க முடியவில்லை. விமானிகள் ஐவர் மாண்டனர். இருபது வயதை ஒட்டிய பையன்கள். துறைமுகத்தில் ஹெக்டர், டெனெடோஸ் என்ற இரு கப்பல்கள் மூழ்கின. அன்றே தெற்குக் கடலில் டோர்செட்ஷயர், கோர்ண்வால் என்ற பாரிய போர்க்கப்பல்கள் இரண்டும் அழிக்கப்பட்டன. கொழும்பிலிருந்து மக்கள் மலைநாட்டுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தத்தம் ஊர்களுக்கும் மூட்டை முடிச்சுடன் புறப்பட்டனர். ரயிலிலே இடம்பிடித்த கதைகளை நமது பாட்டனார்கள் சொல்லிக் கேட்டிருக்கின்றோம். கறுவாத்தோட்டம் வெறிச்சோடியது. இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே 1942 இல்தான். தர்ஸ்டன் வீதியில், இந்தத் திடலை ஒட்டி, யூலை முதலாம் திகதி அது உதயமாயிற்று. இந்நாட்டின் முதற் பல்கலைக்கழகம் போர்விமானங்களின் இரைச்சலோடு பாடம் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

யுத்தம் முடிந்தது. குதிரைகள் திரும்பிவந்தன. 1948 இல் சுதந்திரமும் வந்தது. தேசாதிபதி போய் மகாதேசாதிபதி வந்தார். பந்தயத் திடலின் வேலிகளில் மாற்றமில்லை. வெயிலில் நின்றவன் வெயிலிலேயே நின்றான்.

1956 இல் எல்லாம் மாறியது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஏப்ரலில் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் புத்த ஜயந்தி. மதுவும் சூதும் அந்நியர் கொண்டுவந்த கேடுகள் என்ற குரல் பல தசாப்தங்களாக ஒலித்துவந்தது. அது இப்போது அரசாங்கத்தின் குரலாயிற்று. கொழும்பின் குதிரைப் பந்தயம் அந்த ஆண்டோடு முடிவுக்கு வந்தது. இதிலே ஒரு விந்தை உண்டு. பிரதமரின் தந்தையார் சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்க குதிரைகள் மீது பெரும்பற்றுக் கொண்டவர். ஹொறகொல்ல வளவில் குதிரை லாயத்தைக் கண்டு வளர்ந்த மகனே குதிரைப் பந்தயத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். தந்தையின் மேல்நாட்டு ஆடையைக் கழற்றித் தேசிய உடை தரித்தவருக்கு இது கடினமான காரியமாக இருந்திராது.

பந்தயத்தை நிறுத்தியதை நான் குறைசொல்லவில்லை. கூலியை வாங்கியதும் கூண்டிலே கட்டிவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பியவனின் மனைவி அந்த அரசாங்கத்தை வாழ்த்தியிருப்பாள். ஆனால் அதே ஆண்டை நான் நினைக்கும்போது எனக்குக் கறுவாத்தோட்டத்துத் திடல் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. அதற்கு முந்தைய திடலும் வருகின்றது. 1956 யூன் 5 ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த நாளில், எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தது காலிமுகத்திடலில். பாராளுமன்றத்தின் கண்ணெதிரே, பார்ன்ஸின் குதிரைகள் ஓடிய அதே புற்றரையில், அவர்கள் அடித்து நொறுக்கப்பட்டனர். சிலரைப் பேர வாவியில் தூக்கி எறிந்தனர். அ. அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் சபைக்குள் நுழைந்தார். பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றனர். கறுவாத்தோட்டத்தில் சூதாட்டத்தை ஒழித்த கைகளே காலிமுகத்தில் ஒரு நாட்டை வைத்துச் சூதாடின. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1958 கலவரத்தில் வீடிழந்த தமிழர்கள் தஞ்சம் புகுந்த இடங்களுள் றோயல் கல்லூரியும் ஒன்று. ஓய்ந்துகிடந்த பந்தயத் திடலின் அருகே தங்கி, பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனவர்கள் உண்டு.

சூது ஒழிந்ததா என்றால், அதுவுமில்லை. 1990களின் தொடக்கத்தில் நான் பணிக்குச் சேர்ந்த பத்திரிகையில், ஈயத்தில் எழுத்துக் கோத்த காலத்து மனிதர்கள் சிலர் இன்னும் இருந்தனர். கணினி வந்தபின் அவர்கள் ஒப்புநோக்குநர் ஆகியிருந்தனர். அவர்களுள் ஒருவர், மெலிந்த மனிதர், தமிழில் ஓர் எழுத்துப்பிழைகூட அவர் கண்ணிலிருந்து தப்பாது. அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மடித்த காகிதம் இருக்கும். அதில் இங்கிலாந்துக் குதிரைகளின் பெயர்கள். இங்கிலாந்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பந்தயம் தொடங்கினால் கொழும்பில் மாலை ஆறரை. வேலைவிட்டு வருகிறவனுக்கு இதைவிட வசதியான நேரம் வாய்க்குமா? சந்திக்குச் சந்தி ‘புக்கி’ கடைகள். அஸ்கொட்டிலும் நியூமார்க்கெட்டிலும் ஓடும் குதிரைகளின் மேல், அந்த ஊர்களை வரைபடத்திலும் காணாத மனிதர்கள் பணம் கட்டினார்கள். தடுமாறும் அந்தப் பெயர்களை அவர் சுத்தமாக உச்சரிப்பார். ‘தம்பி, நான் குதிரையைக் கண்ணாலே கண்டது நுவரெலியாவில் ஒரேயொரு தரந்தான்’ என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அரசாங்கம் இதனை அறியாமலில்லை. 1988 இன் பந்தயம், சூதாட்ட வரிச் சட்டத்தின் மூலம் அந்தக் கடைகளிடமிருந்து வரி வாங்கியது. குதிரை ஓடுவது பாவம். தொலைதேசத்தில் ஓடும் குதிரையின் மேல் கட்டுவது வருமானம். நுவரெலியாவின் மலைத்திடலில் மாத்திரம், வெள்ளைத் துரைமார் விட்டுப்போன வழக்கப்படி, சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் குதிரைகள் இன்றும் ஓடுகின்றன. ஆறாயிரம் அடிக்கு மேலே பாவம் குறைவு போலும்.

1956 க்குப் பின்னர் கறுவாத்தோட்டத்துத் திடலை ஆளுக்கொரு துண்டாக அரசாங்க நிறுவனங்கள் பங்கிட்டன. 1965 இல் நடந்த கைத்தொழிற் கண்காட்சிக்காகக் கோள்மண்டலம் எழுப்பப்பட்டது. தாமரை மொட்டுப்போல் விரியும் அதன் கொங்கிறீற்றுக் கூரை பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் கைவண்ணம். பாடசாலைச் சுற்றுலாவில் அதற்குள் போய் அண்ணாந்து நட்சத்திரம் பார்த்த பிள்ளைகள் இந்நாட்டில் பல இலட்சம் பேர் இருப்பர். சுவடிகள் திணைக்களம் வந்தது. பல்கலைக்கழகம் விரிந்தது. இவை நல்ல காரியங்களே. குதிரைக்குரிய நிலத்தை மாணவனுக்கும் வாசகனுக்கும் கொடுத்ததை எவர் குறைகூறுவார்? பாவப்பட்டது பார்வையாளர் மண்டபந்தான். அதனை இடிக்கவும் மனமில்லை, பேணவும் மனமில்லை. நான் அறிந்த காலத்தில் அதன் சுவர்களில் ஆலங்கன்று முளைத்திருந்தது. போர்க்காலத்துக் கொழும்பில், சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டிச் சுவடிகள் திணைக்களத்துக்குப் போய்வந்த நாட்களில், அந்த மண்டபத்தைப் பார்க்கும்போது அதுவும் யாரிடமோ எதையோ நிரூபிப்பதற்காகக் காத்துநிற்பது போலத் தோன்றும்.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. அடுத்த ஆண்டு நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அமைச்சின் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச. கொழும்பை அழகுபடுத்தும் திட்டங்கள் அதிவேகத்தில் நடந்தேறின. மதில்கள் உடைக்கப்பட்டன, நடைபாதைகள் கல் பதிக்கப்பட்டன, பழைய கட்டடங்கள் வெள்ளை பூசப்பட்டன. குடிசைவாசிகள் அகற்றப்பட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். பந்தயத் திடலும் இந்த அலையில் புத்துயிர் பெற்றது. 2012 அளவில் அது றகர் விளையாட்டரங்கு ஆயிற்று. மண்டபம் புதுப்பிக்கப்பட்டு, அதன் கீழ்த்தளங்களில் கடைகளும் உணவகங்களும் வந்தன.

கட்டடம் காப்பாற்றப்பட்டது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆலமரத்துக்கு இரையாகிக்கொண்டிருந்த செங்கல் வேலைப்பாடு இன்று தலைநிமிர்ந்து நிற்கின்றது. மாலையில் குடும்பங்கள் வருகின்றன, பிள்ளைகள் ஓடுகின்றனர். ஆனால் அந்தக் கடைகளின் விலைப்பட்டியலைப் பார்க்கும்போது, பழைய திடலின் வேலிகள் எங்கும் போய்விடவில்லை என்ற எண்ணம் வருகின்றது. ஒரு கோப்பை கோப்பியின் விலை இப்போது நுழைவுச்சீட்டின் வேலையைச் செய்கின்றது. நகரத் திட்டம் படைத்துறையின் கையில் இருந்ததால் வேலை வேகமாக நடந்தது. அகற்றப்படுவோரின் குரலைக் கேட்க நேரமிருக்கவில்லை. இதனை அப்போது எழுதியவர்கள் சிலரே. எழுதுவதற்கு அது உகந்த காலமாகவும் இருக்கவில்லை.

காலிமுகத்திடலை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். செயலாளராக இருந்தவர் 2019 நவம்பரில் சனாதிபதியானார். 2022 இல் எரிவாயுவும் எரிபொருளும் பால்மாவும் இன்றி நாடு வரிசையில் நின்றபோது, ஏப்ரல் 9 ஆம் திகதி முதல் இளைஞர்கள் காலிமுகத்தில் கூடாரம் அடித்தனர். 1956 இல் பாராளுமன்றமாக இருந்து இப்போது சனாதிபதி செயலகமாக உள்ள அதே கட்டடத்தின் முன்னே. மே 18 ஆம் திகதி அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்தனர். தமிழர் அடிவாங்கிய புற்றரையில், 66 ஆண்டுகள் கழித்து, சிங்கள இளைஞர்கள் சிரட்டையில் அந்தக் கஞ்சியை வாங்கிக் குடித்தனர். அதற்கு மேல் அதனைப் பெரிதுபடுத்தவும் நான் விரும்பவில்லை, சிறிதுபடுத்தவும் விரும்பவில்லை. யூலை 9 ஆம் திகதி சனங்கள் வெள்ளமாக வந்தனர். 13 ஆம் திகதி சனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறினார்.

கறுவாத்தோட்டத்துத் திடல் இந்த அமளியிற் பங்குகொள்ளவில்லை. அங்கே கிண்ணங்களுக்கான போட்டிகள் தொடர்ந்தன. 2021 நவம்பரில் இலங்கை, மாலைதீவு, பங்களாதேஷ், சீசெல்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி அங்கே நடைபெற்றது. தேசாதிபதி கிண்ணம் போய்ப் பிரதமர் கிண்ணம் வந்திருந்தது. அதற்கு அப்போதைய பிரதமர் மகிந்த ராஜபக்சவின் பெயரையே சூட்டியிருந்தனர். இறுதியாட்டத்தில் பெனால்டி உதைகளில் இலங்கையை வென்று சீசெல்ஸ் கிண்ணத்தைத் தூக்கிச்சென்றது. அடுத்த ஆண்டு மே 9 ஆம் திகதி, காலிமுகத்தில் கூடாரங்கள் தாக்கப்பட்ட அன்றே, பிரதமரும் பதவி விலகினார். 2023 ஒக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் ஒன்றுக்காக யேமன் அணி அதே திடலுக்கு வந்தது. ஆளுக்கொரு கோலுடன் ஆட்டம் சமநிலையில் முடிந்தது.